பைபர்காரர் தட்டிப் பார்த்தது

ஏழு மாதம் நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது, சைக்கிளே சுமார்தான். விஷயம் என்னவென்றால், அப்போது என் மண்டையோட்டில் இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு எலும்பு கிடையாது. வெறும் தோல்தான். படுத்தால் அந்த இடம் உப்பும், எழுந்து உட்கார்ந்தால் குழியும், இருமினால் துடிக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதாகப் பாவனை செய்துகொண்டே ஓரக்கண்ணால் அங்கே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எந்தப் பாவனையும் செய்யவில்லை. வந்ததும் வராததுமாக என் ஹெல்மெட்டை நடுவிரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உள்ள காத்து இருக்கு சார்," என்றார்.

"ஹெல்மெட்லயா, எனக்குள்ளயாண்ணே?"

"இப்போதைக்கு ஹெல்மெட்லதான்."

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்க எங்கிருந்தாவது வந்துவிடுவாரோ என்று பயம். எங்கள் தெருவுக்கு அவர் பைபர்காரர். பிறந்தது பாம்பனில், மண்டபத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு பைபர் படகு செய்துகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. கண்ணாடி இழைத் தூள் பட்டுப் பட்டு முழங்கை வரை எப்போதும் அரித்துக்கொண்டே இருக்கும், சொறிந்துகொண்டே பேசுவார். ரெசின் என்கிற படகுப் பிசினின் வாடை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எங்கள் சமையலறைக்குள் வந்து ரசத்தில் இறங்கும். எங்கள் வீட்டுக்கு விருந்து வருகிறவர்கள் மறுபடி வருவதில்லை. அதற்கு என் மனைவி அவரைக் காரணம் சொல்வாள். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம்.

பைபர் படகு செய்வதை நான் வருஷக்கணக்கில் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். படகு வடிவத்தில் ஓர் அச்சு. அதற்கு உட்புறம் மெழுகு பூசி, மேலே பிசுபிசுப்பான ரெசினைத் தடவி, கண்ணாடி இழையால் ஆன பாயை விரித்து, ரோலர் போட்டு அழுத்துவார்கள். மறுபடி ரெசின், மறுபடி பாய், மறுபடி ரோலர். இப்படி அடுக்கு ஏற ஏற அது இறுகிப் படகாகிறது. வேலை அவ்வளவுதான். ஆனால் இரண்டு அடுக்குக்கு நடுவில் கடுகளவு காற்று மாட்டிக்கொண்டால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அடித்து, பேர் எழுதி, பூமாலை போட்டு இறக்கிவிடலாம். வெயிலும் அலையும் அடித்து அடித்து அந்த இடம் உப்பி, ஒருநாள் கரை தெரியாத தூரத்தில் பிளந்துகொள்ளும். காற்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவரிடம் இருந்த ஒரே கருவி விரல் முட்டி. நல்ல இடம் "டங்" என்னும். காற்று இருக்கும் இடம் "தொப்" என்னும். எனக்கு எல்லாமே "டங்" என்றுதான் கேட்கும்.

மற்றவர்கள் படகைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவருக்கு அந்த எல்லை தெரியாது. எங்கள் வாசற்கதவு, தண்ணீர்த் தொட்டி, புதிதாக வாங்கிய பிரிட்ஜ், டீச்சரான என் மனைவி பள்ளியில் பரிசாகப் பெற்ற சரஸ்வதி சிலை, எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். சரஸ்வதியைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். என் மனைவி அன்றிரவு சிலையை வேறு இடத்துக்கு மாற்றினாள். "அவுக தட்டிப் பாத்துத்தான் தோசையே திம்பாக டீச்சர்," என்று அவர் மனைவி ஒருமுறை குழாயடியில் சொன்னாராம். சிரிக்காமல் சொன்னார் என்று கேள்வி.

நான் நூலகர். மண்டபத்தில் ஒரு கிளை நூலகம். அங்கே வந்தும் அவர் புத்தகம் எடுத்ததில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூரா காத்து சார், சாஞ்சு உக்காராதீக," என்று எச்சரித்துப் போவார். நான் சுவரில் சாயாமல் இரண்டு வருஷம் எச்சரிக்கையாக இருந்தேன். விழுந்தது இரும்பு அலமாரி. சுவரில் பிடித்திருந்த ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, கலைக்களஞ்சியத்தின் அத்தனை தொகுதிகளோடும் என்மேல் சாய்ந்தது. படிப்பு தலையில் ஏறவில்லையே என்று எங்கள் அய்யா என் பள்ளிக்கூட நாட்களில் வருத்தப்படுவார். நாற்பத்தாறாவது வயதில் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறியது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூளைமேல் கட்டிய ரத்தத்தை எடுக்க எலும்பைத் திறந்தார்கள். அது ஏற்கெனவே சில்லுச் சில்லாக உடைந்திருந்ததால் திருப்பி வைக்க முடியவில்லை. எனக்கு நினைவு திரும்பிய இரண்டாம் நாள் பைபர்காரர் மண்டபத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டிலருகே நின்றார். கையில் ஆரஞ்சு இல்லை, ஆறுதல் இல்லை. முகம் செத்துப்போயிருந்தது.

"அந்த ராக்க நான் தட்டல சார்," என்றார். "செவத்தத் தட்டுனேன். ராக்குக்கு முன்னாடிதான் நின்னேன். தட்டல."

அலமாரியை அவரா செய்தார்? அவரா நிறுத்தினார்? நான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பும்படி ஆயிற்று. தலையில் பாதியை இழந்தவன் நான். நர்ஸ் தண்ணீர் கொடுத்தது அவருக்கு.

இப்படிப்பட்டவர் தொழிலில் எப்படி முன்னேறுவார்? சுனாமி வந்து போன மறுவருஷம், நாகப்பட்டினப் பக்கம் படகிழந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் இந்தக் கரையெல்லாம் படகு செய்யச் சொன்னது. மற்ற கொட்டகைகளில் படகுகள் இட்லி மாதிரி வெந்து வெளியே வந்தன. இவர் ஒரு படகை முடிக்கிறபோது மற்றவர்கள் மூன்று முடித்திருப்பார்கள். நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அங்க சனம் கரையில காத்துக் கெடக்கு," என்றார். அது இவருக்கு உறைத்துவிட்டது. அந்த ஒரு தடவை கொஞ்சம் வேகமாகச் செய்து கொடுத்தார். தட்டித்தான் கொடுத்தார், ஆனால் எப்போதும் போல மூன்று சுற்று இல்லை, ஒரே சுற்று.

அவரைப் பற்றி ஊரே சொல்லிச் சிரிக்கும் கதை வேறு. பாம்பன்காரர் ஒருவர் மகன் பேரில் புதுப்படகு செய்யச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை பங்குச் சாமியார் வந்து மந்திரித்து இறக்குவதாக ஏற்பாடு. முந்தின நாள் பிற்பகல் இவர் கடைசியாக ஒருமுறை தட்டிக்கொண்டே வந்தவர், முன்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். தட்டினார். காதை வைத்தார். மறுபடி தட்டினார். பிறகு ரம்பத்தை எடுத்து, பேர் எழுதிய இடத்திலேயே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அறுத்து எடுத்துவிட்டார். அறுத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காற்று இல்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கொட்டகையில் இருந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் டீ சொன்னார். எனக்கும் ஜன்னல் வழியாக ஒரு கிளாஸ் வந்தது.

படகுக்காரர் வந்து பார்த்தார். வயதில் மூத்தவர்; இவருக்கு உறவும் கூட.

"ஏலே! நல்ல படக அறுத்துப் போட்டு இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியேலே! ஒனக்குக் கிறுக்கா?"

"காத்து இல்ல மாமா! ஒரு பொட்டு இல்ல! நாஞ் சொன்னது தப்பு மாமா!"

"அத அறுக்காமயே நாஞ் சொல்லியிருப்பேனேடா!"

சாமியாரைத் திருப்பி அனுப்பினார்கள். ஓட்டையை அடைத்துப் படகு இறங்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பாம்பனிலிருந்து அவருக்கு வேலை வருவது குறைந்துபோனது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு மாதம் போல முகம் தெளிந்து இருந்தார். தன் சந்தேகம் பொய்யாகிப் போனதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு நிம்மதி. இதை அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நானும் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்தேன்.

என் தலைக்கு வருகிறேன். ஓட்டையை மூட மதுரை டாக்டர் ஒரு புது வழி சொன்னார். ஸ்கேன் எடுத்து அந்தப் படங்களைக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவது. அங்கே கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓர் இயந்திரம், திரவமான பிசினை ஒளியால் இறுக வைத்து, மயிரிழை கனத்தில் அடுக்கு மேல் அடுக்காக ஏற்றி, என் மண்டையோட்டை ஓட்டையோடு அச்சு அசலாகக் கட்டிவிடும். அதன்மேல் வைத்து, கண்ணாடி இழையும் உடம்புக்கு ஒத்துப்போகும் ஒரு பிசினும் அடுக்கி, எனக்கென்றே ஒரு மூடி செய்வார்கள். வேறு யாருக்கும் அது பொருந்தாது. எனக்கு மட்டும் என்று இந்த உலகத்தில் செய்யப்பட்ட முதல் பொருள். சட்டைகூட நான் ரெடிமேட்தான்.

இதைக் கேட்டதும் பைபர்காரர் சொறிவதை நிறுத்தினார்.

"அப்ப படகு வேலதான சார் இது?"

"கிட்டத்தட்ட."

"ரோலர் யாரு போடுறாக?"

"தெரியலண்ணே."

"கேளுங்க. அடி லேயர் முழுக்க இறுகுன பெறகு மேல் லேயர் போடுறாகளா, ஈரத்துலயே போடுறாகளான்னு கேளுங்க. இறுகுன பெறகு போட்டா ஒட்டுன மாதிரி இருக்கும், ஒட்டியிருக்காது. காத்து எப்படி எடுக்குறாகன்னு கேளுங்க. மூடிய டாக்டரு தட்டிப் பாப்பாரான்னு கேளுங்க."

கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நல்ல கேள்விங்க. உங்க நண்பர் எங்க படிச்சவர்?"

"பாம்பன் கடற்கரைல, டாக்டர்."

கம்பெனி கொடுத்த படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது. நூலகர்களுக்குக் கட்டம் காலியாக இருந்தால் தாங்காது. ஆஸ்பத்திரி முகவரி எழுத வேண்டிய இடத்தில் என் வீட்டு முகவரியை முத்து முத்தாக எழுதிவிட்டேன். அதனால், திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையில், வியாழக்கிழமை மத்தியானம் என் மண்டையோடு கூரியரில் வீட்டுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். டாக்டரிடம் போனில் சொன்னோம். "பரவாயில்லை, வரும்போது பத்திரமா கொண்டாங்க. மூடியைக் கவர்லேர்ந்து வெளிய எடுக்காதீங்க, இங்க கிருமி நீக்கம் செய்யணும்," என்றார்.

தேன் நிறத்தில், ஒளி ஊடுருவுகிற மாதிரி இருந்தது மண்டையோடு. கிட்டத்தில் பார்த்தால் மரத்தின் வளையங்கள் மாதிரி மெல்லிய அடுக்குக் கோடுகள். இடது பக்கம் ஓட்டை. பக்கத்தில் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவருக்குள் மூடி. நெற்றியில் என் பேரும் ஓர் எண்ணும் போட்ட சீட்டு. என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நெத்தி நல்லா அகலமா இருக்கே. நேர்ல தெரியல," என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. புத்தக அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்தேன். அகன்ற நெற்றி, உருண்ட பின்மண்டை, மொத்தத்தில் ஒரு கம்பீரம். இத்தனை வருஷமாக மயிரும் தோலும் சேர்ந்து மறைத்துவைத்திருந்த அறிவாளி இவர்தானா என்று போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் பைபர்காரர் வந்தார். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். மண்டையோட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவரைப் பிரிக்காமலே மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கவரோடு வைத்தே தட்டினார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தட்டினார், கேட்டார். விளிம்பெல்லாம் சுற்றிவந்து தட்டினார்.

"காத்து இல்ல சார்," என்றார். குரல் இளகியிருந்தது. "ஒரு பொட்டு இல்ல. என்னா வேல! செஞ்சவன் கையக் கண்ணுல ஒத்திக்கலாம். ஓட்டையில வச்சா நகம் நொழைய எடம் இருக்காது, பாருங்க."

அவர் வாயால் ஒரு வேலையைப் பாராட்டி நான் கேட்டதில்லை. என் மனைவி அவருக்குக் கேசரி கொடுத்தாள். அதைத் தட்டிப் பார்க்காமல் சாப்பிட்டார். அன்றைக்கு ஏழு மாதத்தில் முதல் தடவையாக நான் நிம்மதியாகத் தூங்கினேன், ஹெல்மெட்டோடுதான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. பைபர்காரர் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. கையில், வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் அடித்துத் தகடாக்கி, நாடா மாதிரி நீட்டிய ஒன்று.

"வேல நல்ல வேலதான் சார். அதுல பேச்சில்ல," என்றார். "ஆனா வேலயத்தான் பாத்தேன். ஆருக்குச் செஞ்சதுன்னு பாக்கல."

"பேரு போட்டிருக்கேண்ணே."

"சீட்டுல போட்டிருக்கு. மண்டையில போடலையே."

என் மனைவி, ஓட்டைப் பக்கம் கை போகவே கூடாது என்று கட்டளையிட்டாள். போகாது டீச்சர் என்றார். என் ஹெல்மெட்டைக் கழற்றி, மூக்கு எலும்பு தொடங்கும் இடத்திலிருந்து உச்சந்தலை வழியாகப் பின்மண்டை மேடு வரை அந்த ஈய நாடாவை மெல்ல அழுத்தி வளைத்தார். ஈயம் மெத்தென்று என் தலையின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டது. படகுக்குள் விலாச் சட்டம் வைக்கும்போது இப்படித்தான் வளைவை எடுப்பாராம். அலுங்காமல் தூக்கி, அலமாரியில் இருந்த மண்டையோட்டின்மேல் அதே இடத்தில் வைத்தார்.

உட்காரவில்லை. இரண்டு முனையும் மண்டையோட்டைக் கவ்வ முடியாமல் விரிந்து நின்றன. பின்மேட்டுக்கு இரண்டு விரல்கடை முன்னாலேயே நாடா முடிந்துபோயிற்று.

"அண்ணே, தலைன்னா தோல் இருக்கு, முடி இருக்கு. அளவு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்ல?" என்றேன். எனக்கு அந்த அறுத்த படகு ஞாபகம் வந்தது. நல்ல படகு.

"இருக்கும் சார். அப்ப எது பெருசா இருக்கணும்?"

நான் நாடாவையும் மண்டையோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தோலோட இருக்குற தல பெருசா இருக்கணும். எலும்பு சின்னதா இருக்கணும். இங்கன எலும்பு பெருசா இருக்கு. தலய விட மண்டையோடு பெருசா இருக்குமா சார்?"

மறுபடி அளந்தார். காதுக்குக் காது அளந்தார். மூன்று முறை அளந்தும் அந்த அறிவாளி என் தலைக்குள் அடங்கவில்லை. அறைக்குள் யாரோ ஓர் அன்னியர் நேற்றிலிருந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான் தயங்கினேன். கம்ப்யூட்டர், ஸ்கேன், மதுரை டாக்டர் எல்லாம் ஒரு பக்கம். ஈயக் குண்டை வைத்துக்கொண்டு பைபர்காரர் ஒரு பக்கம். திங்கட்கிழமை டாக்டரிடமே காட்டிக் கேட்டுக்கொள்வோமே என்றேன். இதற்குப் பெயர் நிதானம் என்று அப்போது நினைத்தேன். என் மனைவி நிதானமானவள் அல்ல. பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்துக் கம்பெனிக்கு செல்போனில் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

பேசியது ஓர் இளம்பெண். பொறுமையானவள். "மேடம், ஸ்கேன்ல இருந்து நேரா மெஷினுக்குப் போகுது. நடுவுல மனுஷக் கை படறதே இல்லைங்க. தப்பு வர சான்ஸே இல்லை."

பைபர்காரர் போனை நோக்கிக் குனிந்தார். "பெட்டியில எடுத்து வச்சது கைதான தாயி?"

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம். பிறகு, "சீட்டை விடுங்க. மண்டையோட்டுக்கு அடியில, கழுத்துப் பக்கம், சின்னதா ஒரு நம்பர் சேர்ந்தே வளர்ந்திருக்கும். படிங்க," என்றாள்.

திருப்பிப் படித்தேன். கீ தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. அவள் பேசியபோது குரலில் அந்தப் பொறுமை இல்லை. அன்று இரண்டு பெட்டிகள் கிளம்பியிருக்கின்றன. இரண்டும் இடது பக்க ஓட்டை. ஒன்று எங்களுக்கு, மற்றது நாகர்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு.

"அவுகளுக்கு எப்ப ஆபரேஷன்?" என்று கேட்டாள் என் மனைவி.

"இன்னைக்குக் காலையில மேடம்," என்று சொல்லிவிட்டு, "நான் கூப்பிடறேன், வையுங்க, வையுங்க," என்று அவளே வைத்துவிட்டாள்.

மணி ஒன்பது பத்து. செல்போனை மேஜை நடுவில் வைத்துவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தோம். முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கோ மேஜையில் படுத்திருக்கிறார். அவர் பக்கத்துத் தட்டில் என் மூடி இருக்கிறது. அவர் மண்டையோடு என் அலமாரியில் இருக்கிறது. என் தோல் துடித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். பைபர்காரர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். ஜெபம் என்று நினைத்துக் காது கொடுத்தேன். ஜெபம்தான்.

"மாதாவே, நாஞ் சொன்னது தப்பா இருக்கணும். மாதாவே, நாஞ் சொன்னது தப்பா இருக்கணும்."

பத்தேகாலுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெண் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் பேசி முடிப்பதற்குள் அங்கே திறந்துவிட்டார்களாம். மூடி பொருந்தவில்லையாம். தோலை மட்டும் மறுபடி தைத்து மூடிவிட்டார்களாம். ஆளுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, கண் விழித்துவிடுவார். ஆனால் இன்னொரு தடவை திறந்தாக வேண்டும். "நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா எதனால பொருந்தலைன்னே தெரியாம இருந்திருப்பாங்க மேடம். ரொம்ப தேங்க்ஸ்ங்க," என்றாள்.

என் மனைவி பைபர்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, நீங்க இல்லைன்னா திங்கட்கிழமை இவுகளுக்கும் இதே கதிதான்."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ஈய நாடாவை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

"நேத்து சாயங்காலம் இங்கனதான் இருந்தேன்," என்றார். "கையில வச்சிருந்தேன். வேல நல்லாருக்குன்னு மயங்கி நின்னுட்டேன். நேத்தே அளந்திருந்தா அந்த மனுசனத் தெறந்திருக்க மாட்டாக."

"நீங்க கண்டுபிடிச்சதே பெரிய விஷயம்ணே," என்றேன்.

"ஒரு ராத்திரி சார். கேசரி தின்னுட்டுப் போய்ப் படுத்தேன்."

எழுந்து போனார். அன்றும் மறுநாளும் கொட்டகையில் சத்தம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி வந்து, அவர் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார். சுனாமிக்குச் செய்து கொடுத்த படகுகளைத் தேடிப் போயிருக்கிறாராம். ஒரே சுற்றுத் தட்டிய படகுகள். "யாருகிட்ட எந்தப் படகு இருக்குன்னு இவுகளுக்கு என்ன தெரியும் டீச்சர்? கரை கரையாப் போயித் தட்டப் போறாகளாம்." அந்த அம்மா இப்போதும் சிரிக்கவில்லை.

பெட்டிகள் சரியான ஆளுக்கு மாற்றி அனுப்பப்பட்டன. இந்தத் தடவை ஆஸ்பத்திரி முகவரிக்கு. என் உண்மையான மண்டையோட்டை நான் மதுரையில் டாக்டரின் மேஜையில்தான் பார்த்தேன். சற்றுச் சின்னது, நெற்றி ஒடுங்கியது. "ஆமா, இது நீங்கதான்," என்றாள் என் மனைவி. மூடி உட்கார்ந்தது. ஹெல்மெட்டைத் தங்கை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். நாகர்கோவில்காரருக்கும் இரண்டாம் தடவை நன்றாக முடிந்தது என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். அவர் பேரைக் கேட்டேன், சொல்லக் கூடாதாம். பைபர்காரரிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். கொட்டகை பூட்டியே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வந்து பாம்பனில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். வடக்குக் கரையில் படகுகளைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு படகின் அடியிலிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தில் தான் செய்த படகு ஒன்று விடாமல் பார்ப்பது என்று இறங்கியிருக்கிறாராம். படகுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவரை அடிக்கப் போகாத குறை. நாகப்பட்டினத்திலும் சரி, இங்கேயும் சரி, ஒரு படகிலும் இதுவரை காற்று கிடைக்கவில்லை என்று பக்கத்தில் வலை சரி செய்துகொண்டிருந்தவர் சொன்னார். "கெடைச்சிருந்தாக்கூட நிறுத்தியிருப்பாரு," என்றார்.

நான் குனிந்து கூப்பிட்டேன். என்னால் இப்போது குனிய முடியும். ஆபரேஷன் முடிந்ததைச் சொன்னேன். நாகர்கோவில் மனிதர் நன்றாக இருப்பதையும் சொன்னேன். தட்டுவது நின்றது. கால்கள் அசையவில்லை.

"உங்களுக்குத் தல எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்குண்ணே."

"நல்லா இருக்குன்னுதான் சார் எல்லாரும் சொல்றாக," என்றார் படகுக்கு அடியிலிருந்து. மறுபடி தட்டத் தொடங்கினார்.